கதைக்கப் போகிறவருக்கு: ஆள்மைய உளவளத்துணையின் முதல் வாரங்கள்

வன்னியில் உங்கள் கதையை ஏற்கெனவே பலர் எழுதி எடுத்திருப்பார்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் பெயர் பதிந்தவர்கள், மீள்குடியேறியபோது படிவம் நிரப்பியவர்கள், 2010இல் அமைக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழு, 2013இல் வந்த பரணகம ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம், இடையில் வந்துபோன நிறுவனங்கள். எல்லா இடத்திலும் கேள்வி அவர்களுடையது. பதில் சொல்வதும், சொன்னதை நிரூபிப்பதும் உங்கள் பாடு.

அந்தப் பழக்கத்தோடுதான் பலர் உளவளத்துணைக்கும் போகிறார்கள். அடையாள அட்டைப் பிரதி, பழைய கடிதங்கள், படங்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு போய், கதிரையில் இருந்ததுமே 2008இலிருந்து திகதி தவறாமல் சொல்லத் தொடங்குகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு நாள் எழும்ப முடியாமல் படுக்கிறார்கள். பிறகு அந்தப் பக்கமே போவதில்லை.

ஆள்மைய உளவளத்துணையில் எதைச் சொல்வது, எவ்வளவு சொல்வது, எப்போது நிறுத்துவது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இந்த அத்தியாயத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

## தெரிந்திருக்க வேண்டிய அளவுக்கு

இந்த முறையை உருவாக்கியவர் கார்ல் ரோஜர்ஸ் (1902–1987) என்ற அமெரிக்க உளவியலாளர். துன்பப்படுகிறவருக்குத் தன் வாழ்க்கையைப் பற்றி மற்றவர்களைவிட அதிகம் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை. உளவளத்துணையாளர் செய்ய வேண்டியவையாக அவர் மூன்றை வலியுறுத்தினார்: உங்கள் இடத்தில் நின்று விளங்கிக்கொள்வது, நிபந்தனை போடாமல் உங்களை ஏற்பது, நடிக்காமல் உண்மையாக இருப்பது. 1970களின் தொடக்கத்தில் வட அயர்லாந்து மோதலின் நடுவே பெல்ஃபாஸ்ட் நகரத்துக் கத்தோலிக்கர்களையும் புரட்டஸ்தாந்தர்களையும் ஒரே அறையில் இருத்திக் கதைக்கவைத்தவரும் இவர்தான். போர் நடந்த மண்ணுக்கு இந்த முறை புதிதல்ல.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். போரில் காயம்பட்டது தனி மனம் மட்டுமல்ல, குடும்பமும் ஊரும்தான் என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னியைப் பற்றித் தொடர்ந்து எழுதியிருக்கிறார். ஒரு அறையில் இருவர் இருந்து கதைப்பதால் காணி திரும்பக் கிடைக்காது, நுண்கடன் தீராது. உளவளத்துணையிடம் அவற்றைக் கேட்டுப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். அவற்றைச் சுமந்துகொண்டு நித்திரை கொள்ளவும், வேலைக்குப் போகவும், பிள்ளையோடு எரிந்து விழாமல் இருக்கவும் அது உதவக்கூடும்.

## எங்கே போவது

1. மாவட்டப் பொது வைத்தியசாலை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்று இடங்களிலும் மனநலச் சேவை உண்டு. கட்டணம் இல்லை. மருந்தும் தேவைப்படலாம் என்று நினைப்பவர்கள் இங்கேயே தொடங்குவது நல்லது.
2. பிரதேச செயலகம். உளவளத்துணைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் இருக்கிறாரா, எந்த நாளில் இருப்பார் என்று கேளுங்கள். அவர் இல்லாவிட்டால் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் வழி காட்டுவார்.
3. யாழ்ப்பாணம். சாந்திகம் போன்ற நிறுவனங்கள் நீண்டகாலமாக உளவளத்துணைப் பணியில் இருக்கின்றன. ஊர்க்கண்ணுக்குப் படாமல் போகலாம் என்பதற்காக ஏ9 வீதியால் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகுமென்றால் அது நீடிக்காது. கிட்டிய இடத்தையே முதலில் முயன்று பாருங்கள்.
4. தொலைபேசி. 1926 தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். 1333 இன்னொரு இலவச உளத்துணை இலக்கம். நேரில் போகத் தயக்கமென்றால் இங்கிருந்து தொடங்கலாம்.

"விசர் கிளினிக்குக்குப் போறா" என்று ஊர் சொல்லும் என்ற பயம் பலருக்கு உண்டு. அது வீண் பயமல்ல, சொல்கிறவர்கள் இருக்கத்தான் செய்வார்கள். பிரதேச செயலகத்துக்குப் போனால் சமுர்த்தி அலுவல், காணி அலுவல் என்று நூறு காரணம் இருக்கலாம், யாரும் கவனிக்கமாட்டார்கள். ஊர்ப்பேச்சு உங்களைத் தடுக்கிறதென்றால் அதையும் கணக்கில் எடுத்து இடத்தைத் தெரிவுசெய்யுங்கள்.

## போவதற்கு முன்

1. நாளை உறுதிசெய்யுங்கள். கிளினிக் நாள் இடத்துக்கிடம் மாறும். முதலில் தொலைபேசியில் கேளுங்கள்.
2. தொடர்ந்து போகக்கூடிய காலத்தில் தொடங்குங்கள். காலபோக விதைப்பிலோ அறுவடையிலோ ஆரம்பித்தால் இரண்டாம் சந்திப்பே தவறிப்போகும். கடற்றொழிலுக்குப் போகிறவர்களும் தங்கள் காலம் பார்த்துத் தொடங்கலாம். நிலைமை மோசமென்றால் காலம் பார்க்க வேண்டாம், உடனே போங்கள்.
3. மருந்துகளைக் கொண்டு போங்கள். இப்போது குடிக்கும் எல்லா மருந்துகளும் கிளினிக் கொப்பியும் போதும். மற்ற ஆவணங்களுக்கு முதல் நாளில் வேலை இல்லை.
4. ஒரு வரியை மட்டும் யோசித்து வையுங்கள். "நித்திரை வருகுதில்லை", "பிள்ளைக்கு அடிச்சுப்போடுறன்", "எப்ப பாத்தாலும் யோசனை" என்று இப்போது படுத்தும் ஒன்றைச் சொன்னால் போதும். நடந்த எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை.
5. வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதில் வைத்திருங்கள். "நித்திரைக்காகப் போனனான்" என்றால் போதும். அதற்கு மேல் விளக்கம் சொல்ல நீங்கள் கடமைப்பட்டவரல்ல.

குறிப்பு: துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போகலாம். அவர் வெளியே இருக்கட்டும். தாயோ கணவரோ பக்கத்தில் இருந்தால் நீங்கள் அவருக்குப் பிடித்ததைத்தான் சொல்வீர்கள்.

## முதல் சந்திப்பு, படிப்படியாக

1. அறையைப் பாருங்கள். கதவு சாத்துகிறதா, வரிசையில் இருப்பவர்களுக்குக் கேட்கிறதா? கேட்குமென்றால் "வேற இடத்தில இருந்து கதைக்கலாமோ?" என்று கேளுங்கள். மரத்தின் கீழ் இரண்டு கதிரை போட்டாலும் நல்லதுதான். சுவர் இருந்தும் பக்கத்து மேசைக்குக் கேட்கும் அறையைவிட அது மேல்.

2. உடன்பாடு. எவ்வளவு நேரம், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவர் முதலில் சொல்ல வேண்டும். முக்கால் மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை, வாரம் ஒருமுறை என்பது வழமை. சனம் நிறைந்த கிளினிக்கில் நேரம் சுருங்கலாம், சந்திப்பு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆகலாம்.

3. இரகசியம். சொன்னது வெளியே போகாது. ஆனால் விதிவிலக்குகள் உண்டு: உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து, சிறுவர் துன்புறுத்தப்படுவது, நீதிமன்றக் கட்டளை. இவற்றைத் தொடக்கத்திலேயே சொல்வதுதான் நேர்மை. சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

4. குறிப்பு எழுதுவது. "என்ன எழுதுவீங்கள்? எங்க வைப்பீங்கள்? வேற ஆர் பாப்பினம்?" இந்த மூன்றையும் கேட்பது உங்கள் உரிமை. இயக்கத்தில் இருந்து புனர்வாழ்வு முடித்து வந்தவர்களும் விசாரணைகளைக் கண்டவர்களும் பேனாவைக் கண்டதும் இறுகிப்போவது இயல்பு. பதில் திருப்தி தராவிட்டால், எழுதினால் பிரச்சினை என்று நீங்கள் நினைப்பதைச் சொல்லாமல் விடுங்கள். பெயர், இடம், பிரிவு எதுவும் சொல்லாமலே பயத்தைப் பற்றியும் குற்றவுணர்வைப் பற்றியும் கதைக்க முடியும்.

5. மொழி. வைத்தியர் சிங்களத்தில் கதைப்பவராக இருந்தால் மொழிபெயர்ப்பவர் யார் என்று பாருங்கள். உங்கள் பிள்ளையை மொழிபெயர்க்க விட வேண்டாம். தாயின் துயரத்தைப் பிள்ளை தன் வாயால் திருப்பிச் சொல்வது இருவருக்கும் தீங்கு. தமிழ் தெரிந்த தாதியையோ பணியாளரையோ கேளுங்கள்.

6. பிறகு ஒரு அமைதி வரும். "எங்கயிருந்து தொடங்க விருப்பம்?" என்று கேட்டுவிட்டு அவர் பேசாமல் இருக்கக்கூடும். படிவக் கேள்விகள் வராததால் சிலருக்குத் தடுமாற்றமாக இருக்கும். நீங்களும் பேசாமல் இருக்கலாம். அழலாம். வெயிலைப் பற்றியோ பஸ் பிந்தியதைப் பற்றியோ கதைக்கலாம். எல்லாம் தொடக்கந்தான்.

7. நிறுத்தும் சைகை. "கை தூக்கினால் அந்தக் கதையை விடுவம்" என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். உடம்பு நடுங்கத் தொடங்கினாலோ, ஷெல் சத்தம் காதில் கேட்பதுபோல் வந்தாலோ பேச்சை நிறுத்திவிட்டு இரண்டு பாதங்களையும் நிலத்தில் ஊன்றுங்கள். அறையில் கண்ணில் படும் பொருட்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். தண்ணீர் குடியுங்கள். அன்று அந்தக் கதையைத் தொடர வேண்டியதில்லை.

## அறிவுரை வராதபோது

நம் ஊரில் மூத்தவர், வாத்தியார், ஐயர், சுவாமியார் யாரிடம் போனாலும் புத்தி சொல்வார்கள். ஆள்மைய முறையில் பழகியவர் சொல்லமாட்டார். பலர் கோபப்பட்டு விலகுவது இந்த இடத்தில்தான். "சும்மா தலையாட்டிக்கொண்டு இருக்கிறா, இதுக்கோ பஸ் காசு செலவழிச்சு வந்தனான்" என்று தோன்றும். இரண்டாம் சந்திப்பில் இது வருமென்று எதிர்பாருங்கள்.

அறையில் நடப்பது ஏறத்தாழ இப்படி இருக்கும். இது விளக்கத்துக்காக நான் அமைத்த உரையாடல்.

"மிஸ், மகளின்ர வீட்டை போறதோ, இஞ்சயே இருக்கிறதோ? நீங்களே ஒரு முடிவு சொல்லுங்கோ."

"ரெண்டுக்கும் நடுவில நிண்டு நல்லாக் களைச்சுப்போனீங்கள் போல கிடக்கு, அம்மா."

"ஓம். போகலாம்தான். ஆனா அவர் திரும்பி வந்தா வீடு பூட்டிக் கிடக்குமெல்லே."

"அவர் வந்து கதவைத் தட்டேக்க நீங்கள் இல்லாமப் போயிடக்கூடாது."

அம்மா நீண்ட நேரம் பேசவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறுவது பற்றிய கேள்வியாக வந்தது, காத்திருப்பைப் பற்றியதாக மாறிவிட்டது. "போங்கோ" என்று உளவளத்துணையாளர் சொல்லியிருந்தால் அந்தக் கதை வெளியே வந்திராது. மகள் வீட்டில் இருந்துகொண்டு அம்மா அதே யோசனையில் கிடந்திருப்பார்.

உளவளத்துணையாளர் சொல்வது தவறாகப் பட்டால் "இல்லை, அப்பிடியில்லை" என்று திருத்துங்கள். மரியாதைக் குறைவென்று நினைக்க வேண்டாம். திருத்துகிறவர்களிடமிருந்துதான் அவர் சரியாக விளங்கிக்கொள்கிறார்.

தகவல் வேறு, அறிவுரை வேறு. எந்த அலுவலகத்தில் விண்ணப்பிப்பது, அடித்தால் எங்கே முறையிடுவது போன்ற கேள்விகளுக்கு நேரடியான பதில் தர அவர் கடமைப்பட்டவர். அதற்கும் "நீங்க என்ன நினைக்கிறீங்கள்?" என்று திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் முறையைப் பிழையாக விளங்கிவைத்திருக்கிறார்.

## காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டார்

இது தனியாகச் சொல்ல வேண்டியது. வியட்நாம் போரில் காணாமற்போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களோடு வேலைசெய்த போலின் போஸ், உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பு மற்ற இழப்புகளிலிருந்து வேறுபட்டது என்று விளக்கினார். அழுது முடிக்க அதில் வழி இல்லை. முடியாதது உங்கள் பலவீனத்தால் அல்ல.

"இவ்வளவு காலம் போச்சு, ஏற்றுக்கொள்ளுங்கோ" என்று உளவளத்துணையாளர் சொல்லக்கூடாது. "கட்டாயம் வருவார்" என்றும் சொல்லக்கூடாது. பொட்டு வைப்பது, திவசம் செய்வது, மரணச் சான்றிதழ் எடுப்பது எல்லாம் உங்கள் தீர்மானங்கள். ஒரே வீட்டில் தாய் ஒன்றும் மனைவி வேறொன்றும் நினைக்கலாம். இருவருக்கும் அதற்கு உரிமை உண்டு. 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தொடங்கிய போராட்டத்திலும் அதன்பின் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் தொடங்கியவற்றிலும் இருந்த தாய்மாரில் பலருக்கு அந்தப் போராட்டக் கொட்டிலே துணையாகவும் இருந்தது. போராட்டத்தை விட்டால்தான் மனம் ஆறும் என்று ஒருவர் சொன்னால் அவரிடம் தொடர்ந்து போகத் தேவையில்லை.

குறிப்பு: மே 18, நவம்பர் 27, டிசம்பர் 26, காணாமற்போனவரின் பிறந்தநாள் போன்ற நாட்கள் நெருங்கும்போது நித்திரை குழம்பும், பழைய கனவு வரும். அந்தக் கிழமைக்கு ஒரு சந்திப்பை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

## அடிக்கடி நேரும் தவறுகள்

முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டுவது. முதல் மூன்று சந்திப்பும் அந்த ஆளை நீங்கள் அறிவதற்கு. முள்ளிவாய்க்காலைப் பற்றிச் சொல்லாமலே ஒருவருக்குச் சுகம் வரலாம். எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொன்னால்தான் குணமாகும் என்பது பிழை. சம்பவத்தைத் துருவித் துருவிக் கேட்டு ஒரே இருப்பில் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது.

உளவளத்துணையாளரைப் பாதுகாப்பது. அவரும் அதே பாதையால் நடந்து வந்தவராக இருக்கலாம், அவர் வீட்டிலும் ஆள் இல்லாமல் இருக்கலாம். அவருக்குக் கண் கலங்கினால் நீங்கள் கதையை மாற்ற வேண்டாம். தன் துயரத்தைப் பார்ப்பது அவருடைய பொறுப்பு. ஆனால் உங்கள் நேரத்தில் அவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினால் அது சரியில்லை.

உடம்பைச் சொல்லாமல் விடுவது. தலையிடி, நெஞ்சு இறுக்கம், கை கால் எரிவு இவற்றையும் சொல்லுங்கள். உடலில் வேறு நோய் இருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கவும் வேண்டும்.

சுகம் தெரிந்ததும் மாத்திரையை நிறுத்துவது. உளவளத்துணையாளருக்கு மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அதிகாரம் இல்லை. வைத்தியரைக் கேட்காமல் எதையும் நிறுத்த வேண்டாம்.

கோயிலை விடுவது. தேவையில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்த்தி வைப்பதும் உளவளத்துணைக்குப் போவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

ஆண்களுக்கு ஒரு சொல். அழாவிட்டால் உளவளத்துணை பலிக்காது என்று எந்த விதியும் இல்லை. மோட்டார் சைக்கிள் பழுதைப் பற்றியே ஒரு சந்திப்பு முழுக்கக் கதைத்துவிட்டு அடுத்த கிழமை நித்திரையைப் பற்றித் தொடங்கினாலும் சரிதான்.

## பாதுகாப்பு

பின்வரும் நிலைகளில் கதைப்பது மட்டும் போதாது:

1. சாக வேண்டும் என்ற எண்ணம், அதிலும் எப்படி என்ற திட்டம். அடுத்த சந்திப்புவரை பொறுக்க வேண்டாம். இரவென்றாலும் 1926க்கு எடுங்கள், அல்லது வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்டத்துப் பூச்சிமருந்தையும் மிஞ்சிய மாத்திரைகளையும் இன்றே வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள். இலங்கையில் கொடிய பூச்சிகொல்லிகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து படிப்படியாகத் தடைசெய்யப்பட்டபோது தற்கொலை இறப்புகள் பெருமளவு குறைந்தன. கைக்கெட்டாமல் இருந்தால் அந்த நேரம் கடந்துபோகிறது.
2. யாராவது எதையாவது குடித்துவிட்டால் 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கட்டணம் இல்லை. கைவைத்தியம் செய்து நேரத்தைப் போக்க வேண்டாம்.
3. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் கேட்பது, நாட்கணக்கில் சாப்பிடாமல் நித்திரை இல்லாமல் இருப்பது. முதலில் மனநல வைத்தியர், பிறகு உளவளத்துணை.
4. நெடுங்காலமாக நாளாந்தம் கசிப்போ சாராயமோ குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தக்கூடாது. நடுக்கமும் வலிப்பும் வந்து உயிராபத்தாகலாம். வைத்தியசாலை மேற்பார்வையில் நிறுத்த வேண்டும்.
5. வீட்டில் அடி. பெண்களுக்கு 1938, சிறுவருக்கு 1929. அடிப்பவரையும் அடி வாங்குபவரையும் ஒன்றாக இருத்திச் சமாதானம் பேசும் உளவளத்துணைக்குச் சம்மதிக்க வேண்டாம். அறையில் சொன்னதற்கு வீட்டில் அடி விழும்.
6. தொடுதல், தனி இடத்துக்கு வரச் சொல்லுதல், இரவில் தேவையற்ற குறுஞ்செய்தி, பணம் கேட்டல், மதம் மாற்ற முயலுதல். செய்பவர் யாராக இருந்தாலும் எழும்பி வாருங்கள். அவருடைய மேலதிகாரியிடம் முறையிடுங்கள்.

## தொடர்வதா, ஆளை மாற்றுவதா

சந்திப்பு முடிந்த அன்று களைப்பும் தலையிடியும் வரலாம். முதல் சில வாரம் கனவு கூடவும் கூடும். முடிந்தால் அன்று பின்னேரம் கடினமான வேலை வைக்க வேண்டாம். களைப்பு ஒன்றிரண்டு நாளில் தெளியாமல் சந்திப்புக்குச் சந்திப்பு கூடிக்கொண்டு போனால் அதை அவரிடமே சொல்லுங்கள், வேகத்தைக் குறைப்பார்.

மூன்றாம் சந்திப்பு முடிந்ததும் உங்களையே கேளுங்கள். இவர் என்னைக் குற்றம் பிடிக்காமல் கேட்கிறாரா? நான் சொல்லாமல் விட்டதை விட்டுவைக்கிறாரா? இவரோடு இருக்கும்போது மூச்சு கொஞ்சமாவது இலகுவாகிறதா? மூன்றுக்கும் இல்லையென்றால் வேறு ஆளைக் கேளுங்கள். "வேற ஆளோட கதைக்க விருப்பம்" என்று சொன்னால் போதும். உங்கள் ஊர்க்காரர், உறவு, பழைய பகை என்ற காரணம் இருந்தால் மூன்று சந்திப்புவரை பொறுக்கவும் வேண்டாம்.

நிறுத்துவதென்றால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். கடைசியாக ஒருமுறை போய், "இப்போதைக்குப் போதும்" என்று சொல்லி, பிறகு தேவைப்பட்டால் எப்படித் தொடர்புகொள்வது என்று கேட்டு எழுதி வையுங்கள். இரண்டு வருடம் கழித்துத் திரும்பிப் போகிறவர்களும் உண்டு. அதற்கு விளக்கம் சொல்லத் தேவையில்லை.

இதை வாசித்து முடித்ததும் உங்கள் பிரதேச செயலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ ஒரு அழைப்பு எடுத்து, உளவளத்துணையாளர் எந்த நாளில் இருப்பார் என்று மட்டும் கேளுங்கள். அதற்குப் பெயரும் சொல்ல வேண்டியதில்லை.